ஏப்ரல் மாதத்து ஒப்ராத்

நீள இரும்புக் குழாயின் நுனியில் இரண்டு கால்களையும் வைத்து ஏறி நின்று, காரின் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒப்ராத் குதிக்கிறார். குழாயின் மறுமுனைக்குள் வீல் ஸ்பேனர். ஸ்பேனரின் வாயில் சக்கரத்து நட்டு. குழாய் வில்லாக வளைகிறது. கார் முனகுகிறது. நட்டு அசையவில்லை. அவர் இறங்கி, மூச்சு வாங்கி, நட்டுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதனிடம் சமாதானமாகப் பேசுகிறார்.

"உன் மேல தப்பே இல்ல ராசா. உன்ன இப்படி முடுக்கி வெச்சான் பாரு, ஏப்ரல் மாசத்து ஒப்ராத், அவன் ஒரு கழுதை. என் கையில மட்டும் அவன் கெடைக்கட்டும்."

நோவா வரோஷ் என்கிற இந்த மலையூரில் வண்டிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை செருப்பு மாற்ற வேண்டும். ஏப்ரலில் கோடைக்கால டயர், நவம்பரில் குளிர்கால டயர். ஏப்ரலில் நட்டுகளை முடுக்குவதும் ஒப்ராத்தான், நவம்பரில் அவற்றைக் கழற்ற முடியாமல் குதிப்பதும் ஒப்ராத்தான். நவம்பரில் இவர் முடுக்குவதை அடுத்த ஏப்ரலில் கழற்றப்போவதும் வேறு யாருமில்லை. ஊரில் அவருக்கு எதிரி என்று ஒருவனும் கிடையாது. இருக்கிற ஒருவன் ஆறு மாதத்துக்கு முந்தைய இவரே. அந்த எதிரியிடம் இதுவரை ஒரு முறைகூடச் சுலபமாக ஜெயித்ததில்லை என்பதை அவரே வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தொழில் முடிதிருத்தம். பேருந்து நிலையத்தை ஒட்டிச் சின்னக் கடை, இரண்டு நாற்காலி. ஆள் கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற பருமன். ஆனால் அந்தக் கையில் கத்தி இருக்கும்போது எடையே இருக்காது. தொண்டைக்குழியில் கத்தி போவது தெரியாமல் குறட்டை விட்டவர்கள் ஊரில் பலர். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினால் ஆளுக்கு மூச்சு முட்டுமோ என்று தளர்த்திக் கட்டுவார். அதனால் அவரிடம் முடி வெட்டிக்கொள்கிற எல்லோர் முதுகிலும் அன்று முழுக்க அரிக்கும். அது ஒன்றுதான் அவர் தொழிலைப் பற்றிய குறை.

அதே கை கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. ஒப்ராத் மூடிய குழாயை இன்னொருவர் திறக்க முடியாது. ஒப்ராத் மாட்டிய சமையல் வாயு உருளையை, போட வந்த பையனே கழற்ற முடியாமல், "மாமா, நீங்களே வந்து எடுத்துக் கொடுங்க" என்று கடைக்குப் போன் போடுவான். இலையுதிர் காலத்தில் அவருடைய மனைவி மிலுன்கா கூடை கூடையாகச் சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, மணிக்கணக்காகக் கிளறி, அய்வார் என்கிற தொக்கைப் போட்டு ஜாடிகளில் நிரப்பி வைப்பாள். மூடியைத் திருகுவது ஒப்ராத்தின் வேலை. ஜனவரியில் ஒரு ஜாடியைத் திறக்க வேண்டுமென்றால் மிலுன்கா அதை முந்தானைக்குள் போடுவதுபோல் மேலங்கிக்குள் சுருட்டிக்கொண்டு, சரிவில் இறங்கி, ராதோஷின் பஞ்சர் கடைக்குப் போவாள். அங்கே பெரிய பிடிகுறடு இருக்கிறது. "இவரு போட்ட மூடி" என்பாள். ராதோஷ் வேறெதுவும் கேட்கமாட்டார். திறந்து கொடுத்துவிட்டு ஒரு கரண்டி தொக்கை ரொட்டியில் தடவி வாங்கிக்கொள்வார்.

ராதோஷ் சாதாரண அண்டை வீட்டார் இல்லை. ஒப்ராத்தின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். பெண் குழந்தை பிறந்தபோது அதற்கு ஞானத் தந்தையானவர். அந்த உறவுக்குக் கூம் என்று பெயர். மேலே கடவுள், கீழே கூம் என்பது இங்கே பேச்சு. அண்ணன் தம்பியோடு சண்டை போடலாம், கூமின் சொல்லைத் தட்டக்கூடாது. அப்படிப்பட்ட கூம் பஞ்சர் கடையே வைத்திருக்கும்போது ஒப்ராத் எதற்கு முற்றத்தில் குதிக்க வேண்டும் என்று கேட்காதவர் இல்லை. ஒரு வருஷம் போனார். ராதோஷின் காற்றுத் துப்பாக்கி அந்த நட்டுகளிடம் கடகடவென்று கத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனது. பிறகு நல்ல பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று நெடுக வெடித்தது. ராதோஷ் வெடித்த துண்டை எடுத்துக் கூமின் கையில் வைத்து, "உன்னை நேசிக்கறேன், உன் நட்டை நேசிக்கலடா. வீட்டுலயே வெச்சுப் பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இது வீட்டு வேலை.

வீட்டு வேலை என்றால் தனியாகச் செய்கிற வேலை என்று அர்த்தமில்லை. நவம்பரில் ஒப்ராத் தன் வெளிறிய பச்சை நிற நீவா காரை முற்றத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினால், குடியிருப்பு அதை ஒரு பண்டிகையாக எடுத்துக்கொள்கிறது. காய்கறிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஆண்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர் வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயமும் சின்னக் குவளைகளும் கொண்டுவருகிறார். மூன்றாம் மாடிப் பால்கனியில் மிலுன்கா துணி உலர்த்தும் சாக்கில் நிற்கிறாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் வித்தோமிர்தான் முன்வரிசை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டை இளக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரமும் சேர்ந்து சுற்றும் என்று அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் ஒப்ராத் அதை முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டுவார்.

"மேஸ்திரி, கழுத்துல கத்தி வெக்கறப்ப இந்தக் கை எங்க போவுது?" என்று வித்தோமிர் கேட்பார்.

"அது வாடகைக்கு எடுத்த கைண்ணே. கடையிலயே மாட்டிட்டு வந்துடுவேன்."

ஊர் அவரை மூணு சக்கரம் என்று கூப்பிடுகிறது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவரே போனை எடுத்து "மூணு சக்கரம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்த பிறகு அதில் கேலிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்தால் கேட்காமலே கிடைக்கும்.

"பிரியெபோல்யேலேருந்து மலையேறி வந்துக்கிட்டிருக்கேன். எடப்பக்கம் ஒரு சக்கரம் என்னை முந்திக்கிட்டுப் போவுது. பாவம், எவனுக்கோ கழண்டுடுச்சு, அவனுக்குத் தெரியலன்னு மிலுன்கா கிட்ட சொல்றேன். சொல்லி முடிக்கல, வண்டி எடப்பக்கமா உக்காந்துடுச்சு."

நாற்காலியில் இருப்பவர் குலுங்கிச் சிரிப்பார். அதற்காகவே ஒப்ராத் இந்தக் கதையைச் சொல்லும்போது கத்தியைக் கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார். அவர் சொல்லாமல் விடுகிற பாதி ஊருக்கே தெரியும். அது நீவாவுக்கு முந்தைய சின்ன கார். அன்று மிலுன்கா பின் இருக்கையில் இருந்தாள். அவள் மடியில், பிறந்து சில நாளே ஆன பெண் நெவேனா. கழன்ற சக்கரம் சாலையோரத்தைத் தாண்டி, கீழே பிளம்ஸ் தோப்புக்குள் மரத்துக்கு மரம் மோதிக்கொண்டு இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டதாம். வண்டி அந்தப் பக்கமே சாய்ந்து, விளிம்புக்கு இப்பால் நின்றது.

அந்தச் சக்கரம் ஏன் கழன்றது என்பதும் ஊருக்குத் தெரியும். சில நாள் முன்னால் இதே முற்றத்தில் அவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். மூன்று சக்கரம் முடிந்து, நான்காவதில் நட்டுகளை விரலால் திருகி வைத்திருந்தார். அந்த நேரம் பிரியெபோல்யே ஆஸ்பத்திரியிலிருந்து போன்: பெண் குழந்தை. தகப்பனாகிவிட்டவனின் சட்டையைக் கிழிப்பது இங்கே வழக்கம். முற்றத்திலிருந்த அத்தனை பேரும் பாய்ந்து வந்து அவர் சட்டையைத் தோரணம் தோரணமாகக் கிழித்தார்கள். ராக்கியா வந்தது. அக்கார்டியன் வந்தது. கிழிந்த சட்டையோடு தெரு முழுக்க ஆடிவிட்டு வந்த ஒப்ராத்துக்கு ஸ்பேனரைப் பற்றி நினைவே இல்லை. மனைவியையும் குழந்தையையும் கூட்டிவரப் போனபோது அந்த நட்டுகள் போகிற வழிக்குத் தாங்கின. வருகிற வழிக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் முடுக்கிய எதுவும் தானாகக் கழன்றதில்லை. யார் சொல்லியும் கழன்றதில்லை.

இந்த நவம்பரில் பண்டிகைக்கு ஒரு அவசரமும் சேர்ந்துகொண்டது. நெவேனா கால்நடை மருத்துவம் படித்து முடித்து, பெஷ்தெர் பீடபூமியில் சியெனிட்சாவில் வேலை வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். பண்ணை பண்ணையாக ஆடு மாடுகளைத் தேடிப் போகிற வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் எடுப்பார்கள். வண்டி இல்லையென்றால் அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறான். நீவாவைக் கொடுத்துவிடுவதாக ஒப்ராத் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு கழுவி, உள்ளே துடைத்து, பின்பக்கம் ஒரு மண்வெட்டியும் கம்பளியும் போட்டு வைத்தார். பெஷ்தெரில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று வானொலி சொன்னது.

வெள்ளிக்கிழமை நெவேனா வீட்டுக்கு வந்தாள். பையை வைத்தாள். முற்றத்துக்குப் போய் ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டில் மாட்டித் தொங்கிப் பார்த்தாள். பிறகு மேலே ஏறி வந்து, மேசையில் உட்கார்ந்து, அமைதியாகச் சொன்னாள்.

"அப்பா, நான் கழட்ட முடியாத சக்கரம் என் வண்டியில இருக்கக் கூடாது. அப்படி இருந்தா இந்த வண்டி எனக்கு வேணாம்."

ஒப்ராத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, பஞ்சர் ஆனால் தனக்கு ஒரு போன் போட்டால் போதும், தான் வந்துவிடுவதாகச் சொன்னார்.

"பெஷ்தெர் பண்ணைப் பக்கம் போனு எடுக்காது. எடுத்தாலும் நீ வர்ற வரைக்கும் என்னோட ஓநாய்தான் பேசிக்கிட்டிருக்கும்."

"ஓநாய் நல்லா இழுக்கும். குழாயோட மறுமுனைய அது கிட்ட குடு."

சிரித்தது அவர் மட்டும்தான். நெவேனா சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டு, எல்லா நட்டையும் நாளைக்கே இளக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தது நவம்பர் ஒப்ராத். ஏப்ரல் ஒப்ராத்தை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குள் மூன்று சக்கரம் வீழ்ந்தன. நட்டின் தலையில் சுத்தியலால் தட்டுவது, துரு நொறுங்கட்டும் என்று முதலில் வலப்பக்கம் ஒரு மயிரிழை முடுக்கிவிட்டுப் பிறகு இடப்பக்கம் திருப்புவது, குழாயில் ஏறிக் குதிப்பது என்று கையிருப்பிலிருந்த வித்தையெல்லாம் செலவாயின. ஒவ்வொரு நட்டும் கீச்சென்று அலறிக்கொண்டு வரும்போது பெட்டிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது. மிச்சம் இடப்பக்கப் பின்சக்கரம். அந்தப் பக்கத்தைத்தான் ஏப்ரல் ஒப்ராத் எப்போதும் கடைசியாக, எல்லாவற்றையும்விட ஆசையாக முடுக்குவார்.

அதில் மூன்று நட்டுகள் வந்தன. நான்காவது வரவில்லை. காலையிலேயே டீசலும் ராக்கியாவும் கலந்த தன் சொந்தத் தயாரிப்பை அதன் மேல் ஊற்றி ஊற வைத்திருந்தார். அதற்கும் மசியாததால், சூடு காட்டினால் இளகும் என்று வித்தோமிர் தன் வாயு அடுப்புக் குழலை எடுத்துவந்தார். குளிர்காலத் தொடக்கத்தில், டிசம்பரில், அறுக்கிற பன்றியின் மேல் மயிரைப் பொசுக்குகிற நீளக் குழல் அது. டயருக்கு ஈரச் சாக்கு போர்த்தினார்கள். ஒப்ராத் குழலைப் பற்றவைத்து நட்டை நோக்கி நீட்டினார். ஊற வைத்தது நினைவுக்கு வந்தபோது தீ ஏற்கனவே எழும்பிவிட்டிருந்தது.

சேதம் ஒரு புருவம். வலது. மற்றபடி ஆள் முழுசு.

"பன்னி வாசனைதான் வருது" என்றார் வித்தோமிர்.

"மேல மிச்சம் இருந்தா பொசுக்கிடுண்ணே. டிசம்பர் வரைக்கும் வெச்சிருந்தா நான் இளைச்சுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஒப்ராத் மறுபடி குழாயில் ஏறினார். நட்டு இப்போது சுற்றியது. முற்றம் ஆர்ப்பரித்தது. அவர் சுற்றினார், சுற்றினார், நட்டு கூடவே சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே வரவில்லை. நட்டு மாட்டியிருக்கிற ஸ்டட் என்கிற திருகுத் தண்டே உள்ளே பிடி விட்டு நட்டோடு சேர்ந்து சுற்றுகிறது என்று புரியச் சற்று நேரம் ஆனது. போயிட்டு வர்றேன் போயிட்டு வர்றேன் என்று வாசலிலேயே நிற்கிற விருந்தாளிபோல அது பாட்டுக்குச் சுற்றியது.

அதை விட்டுவிட்டு ஐந்தாவதற்குப் போனார். குதித்தார். மறுபடி குதித்தார். துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். குழாய் ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம், ஒப்ராத் பின்னால் பறந்துபோய், யாரோ முட்டைக்கோஸ் ஊறுகாய் போடக் கழுவிக் கவிழ்த்திருந்த பீப்பாயின் மேல் விழுந்து, அதையும் உருட்டிக்கொண்டு தரைக்கு வந்தார். ஸ்டட் கழுத்தோடு முறிந்து நட்டோடு காலடியில் கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஒற்றைப் புருவத்தோடு வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"ஜெயிச்சுட்டான்" என்றார். "கழுதை ஜெயிச்சுட்டான்."

பெட்டிகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே பால்கனியில் மிலுன்கா துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாற்றிய சக்கரங்கள் மூன்று, மாட்டிக்கொண்ட சக்கரம் ஒன்று, நாளை ஞாயிற்றுக்கிழமை. எந்தக் கடையும் திறக்காது. நெவேனா மட்டும் அருகே வந்து குனிந்து, கன்றுக்குட்டியின் காலைத் தடவிப் பார்ப்பதுபோல முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

சரிவில் ராதோஷ் ஏறி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கட்டிங் மெஷின், அக்குளில் ஏதோ நீளமான பொட்டலம். சத்தம் கடை வரைக்கும் கேட்டதாம். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய புது ஸ்டட்டுகளை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எப்ப வாங்கின, கூமே?" என்று தரையிலிருந்தே ஒப்ராத் கேட்டார்.

"ஏப்ரல்ல. நீ முடுக்கறதப் பாத்துட்டு நேரா போய் வாங்கிட்டேன்."

அதற்குப் பிறகு வேலை நெவேனாவின் கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒப்ராத் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வதற்குள் போய்விட்டிருந்தது. சுற்றுகிற நட்டை ராதோஷ் பைப் ரெஞ்சால் கவ்விப் பிடித்துக்கொள்ள, அவள் அதன் பக்கவாட்டில் கட்டிங் மெஷினால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டில் உளியை வைத்து இரண்டு அடி. நட்டு வறுத்த கஷ்கொட்டைபோல வாயைப் பிளந்துகொண்டு வந்தது. சக்கரம் இறங்கியது. நாலு தட்டில் பிரேக் டிரம் கழன்றது. பிடி விட்ட ஸ்டட்டையும் முறிந்த ஸ்டட்டின் அடிக்கட்டையையும் முன்பக்கமிருந்து அடித்துப் பின்னால் தள்ளினாள். புது ஸ்டட் ஒவ்வொன்றையும் பின்பக்கமிருந்து நுழைத்து, முன்னால் வாஷர்களை அடுக்கி, ஒரு பழைய நட்டை வைத்துத் திருகத் திருக, அது ஓட்டைக்குள் அங்குலம் அங்குலமாக இழுபட்டு வந்து நச்சென்று அமர்ந்தது. ஒப்ராத் குனிந்து குனிந்து பார்த்தார். ஈரச் சாக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டார். யாருக்கும் தேவைப்படாத சாக்கு அது.

குளிர்கால டயர் ஏறியது. நட்டுகளை விரலால் திருகி வைத்துவிட்டு நெவேனா நிமிர்ந்தாள். ஒப்ராத்தின் கை தானாகக் குழாயைத் தேடிப் போனது. ராதோஷ் அதன் மேல் காலை வைத்தார்.

பொட்டலம் கல்யாணப் பரிசுக்குச் சுற்றுகிற பளபளத் தாளில் இருந்தது. ராதோஷ் அதை நெவேனாவிடம் நீட்டினார். உள்ளே நீளக் கைப்பிடி வைத்த ஒரு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று கைப்பிடியில் திருப்பி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டிக்கென்று சொடுக்கும். அதற்கு மேல் முடுக்கக் கூடாது.

ஒப்ராத் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். அருமையான சாமான் என்றும், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்றும் சொன்னார். பிறகு மெதுவாக, "டிக்குன்னா நிறுத்தணுமா? நட்டுக்குத் திருப்தி வந்ததுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"இது உனக்கில்ல. என் ஞானப்புள்ளைக்கு" என்றார் ராதோஷ். "அவதான் போடணும். நீ தொடக் கூடாது. ஸ்பேனரும் குழாயும் வண்டிப் பக்கமே வரக் கூடாது. கூமா சொல்றேன்."

பெட்டிகளில் இருந்தவர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள். வித்தோமிர் சொன்னதாக இருந்தால் ஒப்ராத் நூறு பதில் வைத்திருப்பார். இது கூம் சொன்னது. சாட்சிக்கு முற்றம் முழுக்க ஆள். ஒப்ராத் ரெஞ்சைப் பெண்ணிடம் கொடுத்தார்.

மற்ற மூன்று சக்கரங்களும் இன்னும் விரல் முடுக்கில்தான் இருந்தன. அவற்றிலிருந்து அவள் முடுக்க ஆரம்பித்தாள். எதிரெதிர் நட்டாக, நிதானமாக. டிக். அடுத்தது. டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒப்ராத்தின் தோள் ஒரு முறை தூக்கிப்போட்டது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு வந்தபோது அவரால் முடியவில்லை.

"கண்ணு, இதுக்கு மட்டும் இன்னும் ஒரு கால் சுத்து."

"இல்லப்பா."

"கால் சுத்துல பாதி."

நெவேனா ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, அன்னைக்கு அந்தச் சக்கரம் கழண்டு போச்சு, எனக்கு ஒண்ணும் ஆகல. பனியில இந்தச் சக்கரம் கழலலன்னா ஆகும்."

ஒப்ராத் தலையைத் தடவினார், புருவம் இருந்த இடத்தைத் தடவினார். ராதோஷ் அவர் பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அன்னைக்கு உன் சட்டையில மொதக் கிழிசல் என்னோடதுடா" என்றார்.

"தெரியும். நல்ல சட்டை அது" என்றார் ஒப்ராத்.

டிக் என்றது கடைசி நட்டு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன்னால் நெவேனா தன் நிபந்தனையைச் சோதித்துப் பார்த்தாள். சாதாரண ஸ்பேனரை எடுத்து, சக்கரத்துக்கு ஒரு நட்டாக, காலால் மிதித்துக்கூட இல்லாமல், கைகளாலேயே இளக்கினாள். நான்கும் முணுமுணுப்பில்லாமல் வந்தன. மறுபடி டிக், டிக் என்று பூட்டினாள். புது ஸ்டட் போட்டிருப்பதால் ஓடி முடித்ததும் இன்னொரு முறை பார்க்க வேண்டும், சியெனிட்சா போய்ச் சேர்ந்ததும் பார்த்துவிடுவதாகச் சொன்னாள். ஒப்ராத் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் பாரு, சேர்ந்ததும் பாரு என்று அவள் கதவைச் சாத்தும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். மிலுன்கா, வழி தண்ணீராக ஓடட்டும் என்று ஒரு செம்புத் தண்ணீரை வண்டிக்குப் பின்னால் வீசினாள். நீவா சரிவில் இறங்கி மறைந்தது. நான்கு சக்கரத்தோடுதான். ஒப்ராத் எண்ணினார்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் எதற்கும் உதவவில்லை. பிளம்ஸ் மரக்கிளை வெட்டப் போய், கத்தரிக்கோலை மறந்துவிட்டுத் திரும்பினார். கடைசியாகப் போட்ட தொக்கு ஆறிவிட்டது, மூடியாவது போட்டுக்கொடு மனுஷா என்று மிலுன்கா சமையலறையில் அவரை உட்கார்த்தி வைத்து, ஒரு ஜாடியைக் கையில் கொடுத்தாள். அவர் மூடியை வைத்துத் திருக ஆரம்பித்தபோது போன் அடித்தது. மிலுன்கா எடுத்து அவருடைய காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகினாள்.

வந்து சேர்ந்துவிட்டதாக நெவேனா சொன்னாள். முழங்கால் உயரப் பனி. வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது தங்கப்போகிற வீட்டு வாசலில் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாளாம், ரெஞ்ச் கையில்.

"எடப்பக்கம் பின்னாடி" என்றார் ஒப்ராத்.

"அதுகிட்டதான் குந்தியிருக்கேன். போனைக் கீழ வெக்கறேன், நீயே கேளு."

பெஷ்தெரின் காற்று காதுக்குள் இரைந்தது. பனியில் காலணி நெரிகிற சத்தம். ஏதோ இரும்பில் இரும்பு மாட்டிக்கொள்கிற சத்தம். ஒப்ராத் மூச்சை அடக்கிக்கொண்டார். அவருடைய பெரிய கை ஜாடியின் மூடியை மெல்ல, தன்னை அறியாமல், வலப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருந்தது. மிலுன்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைவில், தெளிவாக, டிக் என்றது.

மூடியின் மேல் அவர் கை நின்றது.